விறகடுப்பு ரசம்: ஒரு திருத்தம்

திங்கட்கிழமை காலை ஒரு போன். ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி. பத்திரிகை ஆபீஸில் கெஞ்சிக் கேட்டு என் நம்பரை வாங்கினாராம்.

"சார், போன வாரம் நீங்க எழுதின விறகடுப்பு ரசம் படிச்சேனுங்க. வாசனை எங்க ஊடு வரைக்கும் வந்துச்சு. ஒரே ஒரு சந்தேகமுங்க..."

"சொல்லுங்கம்மா."

"ரசம் நுரை கட்டுறப்ப டக்குன்னு தீயைக் குறைக்கணுமில்லீங்களா? கேஸ்னா திருகி விட்டுரலாம். விறகடுப்புல நீங்க எப்படிங்க குறைச்சீங்க?"

போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

எதிரே சோபாவில் என் மனைவி விமலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் காது இருக்கிற லட்சணத்துக்கு போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். எல்லாம் அவளுக்கும் கேட்டது. தலை நிமிரவில்லை. "சொல்லுங்க, கேக்குறாங்கல்ல" என்றாள்.

"லைன் சரியில்லைம்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஈரோட்டு அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்து சில நாள்தான் ஆகிறது. நீங்கள் பாராட்டிய ரசம் அதற்கு முன்பே வைத்தது. வைத்தது நான் இல்லை.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

விமலாவுக்கு எழுபது வயது ஆனது. "அம்மா, உனக்கு என்ன வேணும்?" என்று பெங்களூரிலிருந்து மகள் போனில் கேட்டாள். பட்டுப்புடவை, வளையல், காசி யாத்திரை... என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்.

"ஒரு வாரம் யாராவது சமைச்சுப் போடட்டும். நான் தட்டு முன்னாடி உக்காரணும். அவ்ளோதான்" என்றாள் விமலா.

"நல்ல ரிசார்ட்டா புக் பண்ணிடறேம்மா" என்றாள் மகள். நான் குறுக்கே விழுந்தேன். "ரிசார்ட் எதுக்கு? நான் சமைக்கிறேன்."

"நீங்களாப்பா?" என்றாள் மகள். விமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான்தான் இடம் தேடினேன். கோத்தகிரிப் பக்கம், அரவேணுவைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கும் ஒரு மண் ரோடு. ரோடு முடிகிற இடத்தில் காடு. காட்டின் விளிம்பில் ஒரு மரவீடு. 'இயற்கையோடு ஒரு வாரம் — விறகடுப்புச் சமையல் அனுபவம்' என்று விளம்பரம் சொன்னது. அந்த வரியைப் படித்ததுமே என் மனசுக்குள் ஒரு கட்டுரை ஓட ஆரம்பித்துவிட்டது. ரிசார்ட்டுக்குப் போயிருந்தால் விமலாவுக்கு ஓய்வு கிடைத்திருக்கும். எனக்குக் கட்டுரை கிடைத்திருக்காது. எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

போய்ச் சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் கல் அடுப்பு. பக்கத்தில் சீகை மரத்து விறகு ஒரு அடுக்கு. கவாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைச் செடியின் குச்சிகள் ஒரு கட்டு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் செல்வராஜ் எல்லாவற்றையும் காட்டினார்.

"நீங்க எல்லாம் இதுல சமைச்சுப் பழகினவங்க. கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்றேன்.

செல்வராஜ் சங்கடமாகச் சிரித்தார். "ஏனுங்க சார், எங்க ஊட்ல கேஸ்தானுங்க. விறகடுப்பெல்லாம் டூரிஸ்ட்டுக்குங்க."

அவர் மனைவி புஷ்பம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அவளும் கூடவே நின்றிருந்தாள். விமலாவின் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ... "சார், வேணும்னா மூணு வேளையும் நானே ஆக்கிக் குடுத்துர்றேன். பக்கத்துலதான் எங்க லயத்து வீடு" என்றாள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். விமலாவின் ஓய்வு எங்கள் வாசலில் வந்து நின்று, தானாகவே கேட்டது. நான் என்ன சொன்னேன்?

"வேண்டாம்மா. இந்த வாரம் நான்தான் சமையல்."

அடுத்து நடந்தது மிக எளிமையான விஷயம். அடுப்பு பற்றவில்லை.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். எரிதல் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனால் ஈர விறகுக்குப் பாடம் புரியவில்லை. கையில் இருந்த பழைய பத்திரிகையைக் கிழித்துப் போட்டேன். என் பத்தி வந்த பக்கமும் அதில் இருந்தது. அதுகூடப் பற்றவில்லை. என் எழுத்தில் அனல் பறக்கிறது என்று எப்போதோ ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாவம், நல்ல மனிதர்.

கொட்டகை முழுக்கப் புகை. எனக்கு இருமல். விமலா வாசலில் நின்று பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சர்க்கரை உண்டு. பசி தாங்க மாட்டாள்.

"தள்ளுங்க" என்றாள்.

புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய விறகை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டாள். கவாத்துக் குச்சியில் காய்ந்ததாகப் பார்த்து ஒடித்து, காற்றுப் போக இடம் விட்டு அடுக்கினாள். அடியில் கற்பூர மரத்துச் சருகு, அதாவது யூகலிப்டஸ். ஒரு தீக்குச்சி. குனிந்து, நீளமாக, நிதானமாக ஊதினாள். தீ எழுந்து உட்கார்ந்தது.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"சத்தியமங்கலத்துல."

"சத்தியமங்கலத்துல யார் வீட்ல?"

"நம்ம ஊட்லதான்."

கல்யாணமான புதிதில் அங்கே இருந்தோம். கேஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். நான் காலேஜுக்குக் கிளம்பும்போது டிபன் பாக்ஸ் மேஜையில் இருக்கும். திறந்தால் சூடாக இருக்கும். அது எதில் வெந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றைக்கு அவள் வைத்த ரசம்தான் நீங்கள் படித்த ரசம். தணலில் நான்கு உருளைக்கிழங்கைப் புதைத்துச் சுட்டு, தோலுரித்து, உப்பும் மிளகும் தூவிக் கொடுத்தாள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ருசிக்கு இப்போதும் நன்றி சொல்லத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் மட்டும் ஏனோ தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, "பத்த வெச்சு மட்டும் குடு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றேன். மத்தியானம், "பருப்பு வெந்ததும் கூப்பிடு, தாளிக்க வரேன்" என்றேன். திங்கட்கிழமை எதையும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாம் நடந்தது. வீட்டில் நடக்கிற மாதிரியே. இத்தனை வருடப் பழக்கம், மலை ஏறினால் மட்டும் மாறிவிடுமா என்ன?

நான் வராண்டாவில் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கட்டுரை எழுதினேன். கொட்டகையிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. அந்த வாசனையிலேயே எழுதினேன். ஆகவே நன்றாக வந்தது. 'புளியை ஊறவைத்தேன்', 'மிளகைத் தட்டினேன்', 'நுரை கட்டும்போது தீயைக் குறைத்தேன்'... எல்லாம் தன்மை ஒருமை. வேண்டுமென்றே பொய் சொல்லலாம் என்று உட்காரவில்லை. 'விமலா வைத்தாள்' என்று எழுதினால் அது எல்லா வீட்டுக் கதையும்தானே? கிழவன் ஒருவன் வைத்தால்தான் கட்டுரை. எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. வாக்கியம் நன்றாக இருந்தால் அது உண்மையா என்று கேட்க மறந்துபோகும்.

மரவீட்டில் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவு வரை நடந்துபோய், போனை உயரத் தூக்கிப் பிடித்து அனுப்பி வைத்தேன்.

புதன்கிழமை காலை ஒரு வேடிக்கை நடந்தது. முந்தின நாள் விமலா வறுவல் செய்த இருப்புச்சட்டி கொட்டகையிலேயே கிடந்தது. காலையில் பார்த்தால் கழுவித் துடைத்த மாதிரி பளபளவென்று இருந்தது.

"கரடிங்க சார்" என்றார் செல்வராஜ், பஸ் வந்துவிட்டுப் போனது என்கிற தொனியில். "எண்ணெய் வாசனைக்கு வந்துருமுங்க. எங்க மாரியம்மன் கோயில்ல விளக்குல இருந்த எண்ணெயைக் குடிச்சிட்டுப் போயிருச்சுங்க. அம்மா சமையல் அதுக்குப் புடிச்சுப் போச்சாட்ட இருக்குது."

விமலாவைப் பாராட்டிய முதல் வாய் கரடியுடையது. எனக்கு முன்பே.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் போன செல்வராஜ் வாங்கி வந்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு புஷ்பம் நேராகக் கொட்டகைக்குப் போனாள். அன்றைக்கு அவளுக்கு லீவு. விமலா அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரி பிடித்த பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வராண்டாவில் இருந்தேன். கையில் டீ.

"அக்கா, சார் எழுதினது வந்திருக்கு. வாசிக்கட்டா?"

எழுந்து ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று எழுதினால் நம்புவீர்கள். உண்மையில், ஒத்துழைக்காதது முழங்கால் இல்லை.

புஷ்பம் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"'புளியை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்தேன்'... ஏங்க்கா, சாரா ஊற வெச்சாரு?"

"மேல படி புஷ்பம்."

"'மிளகையும் சீரகத்தையும் கல்லில் வைத்துத் தட்டினேன்'... இந்தக் கல்லுலயா? இது உங்க கையிலதான இருந்துச்சு?"

"நீ படி."

"'என் மனைவி வராண்டாவில் அமர்ந்து, பனி விலகும் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்...'"

புஷ்பம் நிறுத்தினாள். முழங்கை வரை கரியாக இருந்த விமலாவின் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி வராண்டாவைப் பார்த்தாள். அங்கே அமர்ந்து மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்.

"அப்ப இது வேற யாரோ வீட்டுக் கதை போலக்கா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். விமலாவும் சிரித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. பெருங்காயத்தைத்தான் விட்டுட்டாரு" என்றாள் விமலா.

புஷ்பம் போன பிறகு கொட்டகைக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது? "விமலா, அந்தக் கட்டுரை..."

"பரவால்லை, விடுங்க."

இந்த 'பரவால்லை'யைப் பற்றித் திருமணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது முற்றுப்புள்ளி இல்லை. நிறையப் பேசலாம், ஆனால் பேசிப் பயனில்லை என்பதன் சுருக்கம் அது.

நான் போகாமல் நின்றேன். அவள் பாத்திரத்தைத் திருப்பி அடியைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"ரசத்தை நீங்க வெச்சதா எழுதினதுக்கு எனக்குக் கோவமில்லைங்க. ரசம் யார் வெச்சா என்ன? ஆனா வராண்டாவுல ஒருத்தி உக்காந்து மலையைப் பார்த்துட்டிருந்தான்னு போட்டிருக்கீங்களே... அந்தப் பொம்பளையைத்தான் பார்க்கணும் போல இருக்கு. நானும் அப்படி ஒரு வாரம் உக்காரலாம்னுதானே வந்தேன்?"

குரல் உயரவில்லை. வானிலை சொல்வது மாதிரிதான் சொன்னாள். பக்கத்தில் கிடந்த விறகின் மேல் உட்கார்ந்தேன்.

பாராட்டை எடுத்துக்கொண்டது சின்னத் திருட்டு. அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவள் எழுபது வருடத்தில் வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு வாரம். அந்த வாரத்தை எடுத்து நான் என் பக்கத்தில் அச்சடித்துக்கொண்டேன். அவளுக்குப் புகை, எனக்கு அனுபவம். 'விறகடுப்பு அனுபவம்' என்று ஊரெல்லாம் பேசுகிறோம். அடுப்பின் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அது அனுபவம், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அது வேலை என்று யாராவது விளம்பரத்தில் போடுகிறார்களா?

"கையைக் கழுவிட்டு வா. மிச்சத்தை நான் தேய்க்கிறேன்" என்றேன்.

"தேய்க்கிறதை எழுதுவீங்களா?"

"மாட்டேன்."

"எழுதுங்க. அதையும் எழுதுங்க." இந்த முறை அவள் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. வராண்டா நாற்காலி காலியாகத்தான் இருந்தது. போய் உட்கார்ந்தாள்.

எழுதிவிட்டேன். நான் தேய்த்தேன். அடிக்கரி போகவில்லை.

எழுதிய வாக்கியத்தை அழிக்க முடியாது, அச்சாகிவிட்டது. உண்மையாக்கத்தான் முடியும். வெள்ளிக்கிழமை காலை விமலாவை அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, சால்வையைப் போர்த்திவிட்டு, நான் அடுப்புக்குப் போனேன். அரிசிம்பருப்பு சாதம். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் சமையலே தெரியாதவனும் செய்கிற சமையல். எனக்குத் தைரியம் வந்ததே அதனால்தான்.

தீ பற்றியது. அவள் செய்ததைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன், பற்றியது. இந்த வயதில் ஒரு புதிய காரியம் கைக்கு வசப்பட்டால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே... கொட்டகைக்கு வெளியே வந்து அவளைப் பார்த்துக் கையாட்டினேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் பாத்திரம் பொங்கிவிட்டது. நுரை தீயில் கொட்டி உஸ்ஸென்றது. துணியைச் சுற்றிக்கொண்டு பாத்திரத்தைத் தூக்கப் போனேன்.

"பாத்திரத்தைத் தொடாதீங்க" என்று வராண்டாவிலிருந்து குரல் வந்தது. "விறகை இழுங்க. வெளிய இழுங்க. தீ தானா அடங்கும்."

இழுத்தேன். அடங்கியது.

ஈரோட்டு அம்மா, இதுதான் நீங்கள் கேட்ட பதில். ரசத்துக்கும் இதேதான். சொன்னது விமலா.

சாதம் அடியில் தீய்ந்திருந்தது. மேலே அரிசி விறைத்துக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு பகுதி மட்டும் சாதமாக இருந்தது. தட்டில் போட்டு, நெய் விட்டு, வராண்டாவுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டாள். "நடுவுல இருக்குறதா பார்த்து இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள். அந்த 'இன்னும் கொஞ்சம்' எனக்கு எந்த விருதுக்கும் குறைந்ததில்லை.

மறுநாள் காலை செல்வராஜ் வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறப்போட்டு நான் அங்கேயே மறந்திருந்தேன்.

"கரடி வந்திருக்குதுங்க சார். தடம் இருக்குது பாருங்க."

"பாத்திரம்?"

"அப்படியே இருக்குதுங்க." கொஞ்சம் யோசித்தார். "மோந்து பார்த்துட்டுப் போயிருச்சாட்ட இருக்குங்க."

விமலா சிரித்தாள். சால்வையை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். புகையில்லாமல் அந்த வாரம் அவள் கண்ணில் வந்த முதல் தண்ணீர் அதுதான். கரடிக்கு என் நன்றி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமைத்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் கை உட்காரவில்லை. சால்வையின் நூலைப் பிரித்தது. நாற்காலியின் தூசியைத் துடைத்தது. பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து மடித்தது, பிரித்தது, மறுபடி மடித்தது. வேலை தேடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். எதிர்மலையில் வெயில். விமலாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று, உள்ளங்கை மேலே பார்த்தபடி. எதையும் செய்யவில்லை. அவள் தூங்கவும் இல்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கைகள் சும்மா இருந்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எவ்வளவோ ஊர் பார்த்திருக்கிறேன், எவ்வளவோ எழுதியிருக்கிறேன். அதைப் பார்க்க வைத்ததற்காக அந்தப் புகைக்கும், ஈர விறகுக்கும், சத்தமாகப் படித்த புஷ்பத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். முக்கியமாக, என்னைத் திட்டாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தாளே, அவளுக்கு. திட்டியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். சண்டையில் விஷயம் அடிபட்டுப்போய், இரண்டு பேரும் தப்பித்திருப்போம்.

குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கிவிட்டோம். கோயம்புத்தூர் வந்ததும் பழக்க தோஷத்தில் அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். நான் வழியை மறித்தேன். அவளுடைய வாரம் இன்னும் முடியவில்லை. மலையில் அவளுக்குக் கிடைத்தது கடைசிக் கொஞ்சம்தான். மிச்சத்தை இங்கே, கேஸ் அடுப்பில், நான் செய்துகொண்டிருக்கிறேன். இதை எழுதும் இன்றைக்கு மெனு கீரைக் கடையல். மகள் தினமும் சாயங்காலம் போன் செய்து, "அம்மா, உயிரோட இருக்கியா?" என்று கேட்கிறாள்.

இந்த முறை அனுப்புவதற்கு முன்பு கட்டுரையை விமலாவிடம் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். எனக்குப் பரீட்சை எழுதியவன் நிலைமை.

"எல்லாம் சரி. ஒரு இடம்தான் தப்பு."

"எது?"

"அரிசிம்பருப்பைப் போட்டுக் குடுத்ததும் 'விமலா ரசித்துச் சாப்பிட்டாள்'னு எழுதியிருக்கீங்க. 'சாப்பிட்டாள்'னு மட்டும் போடுங்க, போதும்."

திருத்திவிட்டேன்.